எதிர்வீட்டு எடை

பொருநைச் சக்கரத்தில் யாருடைய எடையும் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. எதிர்வீட்டுக்காரருக்கும் அதில் பங்கு உண்டு.

பொருநை என்பது வானத்தில் வண்டிச் சக்கரம் போலச் சுழலும் ஒரு சின்ன ஊர். விளிம்பில் பன்னிரண்டு வீடுகள், நடுவில் குடம், குடத்திலிருந்து வீடுகளுக்கு ஆரக்கால்கள். சக்கரம் சுழல்வதால்தான் ஆட்கள் தரையில் நிற்கிறார்கள், குழம்பு சட்டியில் நிற்கிறது. ஒரு பக்கம் கனம் கூடினால் சக்கரம் தள்ளாடும். தள்ளாடினால் முதலில் குழம்பு சாயும், அடுத்து வயிறு புரளும், கடைசியில் எந்த வீட்டால் வந்த வினை என்று மைக்கில் அறிவிப்பார்கள். மூன்றிலும் கடைசிதான் கொடுமை.

ஊர் கட்டிய காலத்தில் எடையைச் சரிக்கட்டப் பெரிய பம்பு ஒன்று இருந்தது. அது பழுதானபோது உதிரிபாகம் கேட்டுப் பூமிக்கு எழுதினார்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அந்தப் பதிலை வாங்கிப் படித்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

அதனால் எதிர்வீட்டு முறை வந்தது. மூன்றாம் வீட்டுக்கு நேர் எதிரே ஒன்பதாம் வீடு. மூன்றில் பிள்ளை பிறந்தால் ஒன்பதில் அதே எடைக்குத் தண்ணீர்க் கேன் வைப்பார்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அன்று கேனுக்கும் ஒரு பெயர் வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் தெளிப்பார்கள். ஒரு பெண் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போனால் நான்கு வீட்டார் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருந்ததால், பொருநையில் காதல் கல்யாணம் ரொம்பக் குறைவு.

ஆட்கள் நடமாடுவதைத் தரைக்கு அடியில் இருந்த சின்னக் குழாய்கள் சமாளித்தன. வீட்டின் மொத்த எடை இரண்டு கிலோ கூடினாலோ குறைந்தாலோ அவற்றுக்கு மூச்சு முட்டும். ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தரையே வீட்டை எடை போட்டுவிடும். சமன்காரர் சங்கரபாகம் அதை ஊர் மைக்கில் வாசிப்பார். எடை மாறியிருந்தால் காரணம் கேட்பார். காரணத்தை ஊர் முழுக்கக் கேட்கும்.

இப்படிப்பட்ட ஊரில்தான் மூன்றாம் வீட்டு வடிவு, டாக்டர் ஜெபமணியின் முன்னால் உட்கார்ந்து, "குண்டாவேனா டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தூக்கம் இல்ல, சோறு இறங்கல, பல்லு விளக்கப் போறதே மலை ஏறுத மாதிரி இருக்குன்னு சொல்லுத. போன வாரம் அரைக்கீரைப் பாத்தியில உக்காந்து அழுதிருக்க. அத்தனைக்கும் பொறவு கேக்குத கேள்வி இதானாட்டி?"

"அரைக்கீரை ரொம்ப நல்லா வளந்திருந்துச்சு, டாக்டரம்மா. என்னால தாங்க முடியல."

டாக்டர் சிரிக்கவில்லை. "சரி, நியாயமான கேள்விதான். இந்த மாத்திரையில சிலருக்கு எடை கூடும். சிலருக்குக் கூடாது. கூடுதவங்கள்லயும் பாதிப் பேருக்கு, மறுபடியும் பசி எடுக்க ஆரம்பிக்கதால கூடும். உனக்கு எப்படின்னு ஏறுன பொறவுதான் தெரியும். ஏறுனா என்கிட்ட வா, வேற மாத்திரை பாப்போம், அளவை மாத்துவோம். ஒண்ணு மட்டும் செய்யாத. நீயா நிறுத்தாத."

"மனசு உடனே சரியாயிருமா?"

"ஆகாது. சில வாரம் ஆகும். அதுவரைக்கும் வாய்தான் காயும்."

"பூமியா இருந்தா நான் ஊதுதது என் பாடு. இங்ஙன நான் ஊதுனா எதிர்வீட்டுக் கொம்பையா சாரும் ஊதணும். சங்கரபாகம் அண்ணாச்சி மைக்கில காரணம் கேப்பாவ. நான் என்ன சொல்ல?"

"மருந்துன்னு சொல்லு."

"என்ன மருந்துன்னு கேப்பாவளே."

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "கேப்பாரு" என்று ஒத்துக்கொண்டார்.

வடிவு மாத்திரை அட்டையைப் புளிப்பானையில் ஒளித்து வைத்தாள். அவள் புருஷன் இசக்கிமுத்து காற்றுக்குழாய் துப்புரவு செய்பவன். வீட்டில் எதை வேண்டுமானாலும் திறப்பான், புளிப்பானையைத் திறக்க மாட்டான். அவனுக்குப் புளியைக் கண்டால் பல் கூசும்.

முதல் வாரங்களில் டாக்டர் சொன்னதுபோல வாய்தான் காய்ந்தது. வடிவு படுக்கையில் கிடந்து கூரையைப் பார்த்தாள். கூரைக்கு அப்பால், குடத்தையும் தாண்டி, அவள் தலைக்கு மேல் தலைகீழாகக் கொம்பையா சார் தண்டால் எடுத்துக்கொண்டிருப்பார் என்பது அவளுக்குத் தெரியும். அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒற்றை ஆள். ஓய்வு பெற்ற விஷயத்தை உடம்புக்கு இன்னும் சொல்லவில்லை. ஊரிலேயே எடை மாறாத ஒரே மனிதர் என்று அவருக்குச் சுதந்திர தினத்தில் சால்வை போட்டார்கள். சால்வையால் எடை கூடும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எதிர்வீடுகளுக்கு இடையே நேரடியாகப் பேச ஒரு போன் உண்டு. அது அடிக்கடி மணியடிக்கும்.

"ஏ பிள்ள வடிவு! நேத்து உங்க வீட்டுல கேசரியா?"

"இல்லையே சார்."

"பொறவு ஏன் என் தரை முனகுது? உன் புருஷன் எத்தனை இட்லி தின்னான்? நீங்க திங்கதுக்கு நான் இங்ஙன கேன் சுமக்கணுமா? உடம்புன்னா ஒரு கட்டுப்பாடு வேணும், பாத்துக்கோ!"

அவர் வைத்த பிறகும் போன் கொஞ்ச நேரம் விறைப்பாக நிற்பது போலத் தெரியும்.

ஒருநாள் காலையில் இசக்கிமுத்து குழாய்க்குள் தலையை விட்டுத் தும்மினான். தும்மல் ஆரக்கால்கள் எல்லாம் சுற்றி, எல்லா வீட்டிலும் ஒரு முறை தும்மிவிட்டு, கடைசியில் அவன் முகத்திலேயே திரும்பி வந்து தும்மியது. அவன் பயந்து, "ஆருல அது?" என்றான். வடிவு சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் சிரித்தது தெரிந்தது. ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த அறையில் யாரோ விளக்குப் போட்டது போல இருந்தது. அவள் எழுந்து பல் விளக்கினாள். மலையைக் காணவில்லை.

அன்றே பசியும் வந்தது. சாதாரணப் பசி இல்லை. உளுந்த வடையை நினைத்தால் காதுக்குள் மணி அடித்தது. பழைய சோறு தேவாமிர்தமாக இருந்தது. கீரைப் பாத்தியில் உட்கார்ந்து இப்போது அவள் அழவில்லை, பச்சையாகவே இரண்டு இலை கிள்ளித் தின்றாள்.

அடுத்து ரவிக்கையின் கைத் தையல் பிரிந்தது. பிரித்து விட்டுத் தைத்தாள். அதுவும் பிரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் கன்னம் மினுமினு என்றிருந்தது. முகம் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு மனசு சொன்னது. வெள்ளிக்கிழமை வருகிறது என்று இன்னொரு மனசு சொன்னது.

அந்த வாரம் வடிவு தோசைக்கல்லைக் கடத்தினாள்.

பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்க முடியாது, அந்த வீடு கனத்துப் போகும். சக்கரத்தில் எடையே இல்லாத இடம் ஒன்றுதான், நடுக்குடம். மத்தியானம் ஊர் முழுக்க உண்ட மயக்கத்தில் கண்ணயர்ந்த நேரத்தில் ஆரக்கால் ஏணியில் ஏறி, குடத்து வாசலில் ஒரு குழாய்க்குப் பின்னால் தோசைக்கல்லைச் செருகிவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை சங்கரபாகம் மைக்கில், "மூன்றாம் வீடு, மாற்றம் இல்லை" என்று வாசித்தார். வடிவு பெருமூச்சு விட்டாள்.

"தோசைக்கல்லு எங்கட்டி?" என்றான் இசக்கிமுத்து.

"தேய்ஞ்சு போச்சு, அத்தான்."

"கல்லு எப்படிட்டி தேயும்?"

"நீங்க தின்ன தீனிக்கு."

இசக்கிமுத்து அதை நம்பினான். பால் சட்டியில் வார்த்த தோசையை, அது ஒரு பந்து மாதிரி வந்தபோதும், குறை சொல்லாமல் தின்றான். அடுத்து இரும்பு உலக்கை போனது. அதற்கடுத்து இஸ்திரிப் பெட்டி போனது. அவன் கசங்கிய சட்டையோடு வந்து, வடிவின் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கத்தோடு கேட்டான். "ஏ வடிவு. நல்லா சாப்பிடுத. முகம் பளபளன்னு இருக்கு. கனமான சாமானெல்லாம் கண்ணுக்குத் தெரியாமப் போகுது. எதுவும் விசேஷமா?"

அவன் முகத்தைப் பார்த்து அவளுக்குப் பொய் வரவில்லை. புளிப்பானையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். அரைக்கீரையைக்கூடச் சொன்னாள்.

இசக்கிமுத்து நெடுநேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீ அழுதது எனக்குத் தெரியாமப் போச்சே" என்றான். பிறகு, "எத்தனை கிலோ?" என்றான்.

"நாலு. இன்னும் ஏறும் போல."

"அம்புட்டுத்தானா? அதை நான் இறக்குதேன். வீட்டு மொத்தம்தான கணக்கு? நீ ஏறு, நான் இறங்குதேன். இதுக்குப் போயி இஸ்திரிப் பெட்டிய ஏன்ட்டி நாடு கடத்துத?"

மறுநாள் முதல் இசக்கிமுத்து ரசத்தைக் குடித்துவிட்டுப் படுத்தான். மூன்று வேளையும் மூன்று இட்லி தின்கிற மனிதன், ஒரு இட்லியை மூன்றாகப் பிட்டு மூன்று வேளைக்கு வைத்துக்கொண்டான். வேலை காற்றுக்குழாயில் என்பதுதான் பெரிய சோதனை. பன்னிரண்டு வீட்டுச் சமையல் மணமும் அவன் மூக்கு வழியாகத்தான் போக வேண்டும். ஐந்தாம் வீட்டில் கறிக்குழம்பு கொதித்த அன்று, குழாய்க்குள்ளேயே மயங்கி விழுந்தான். ஊருக்கே கொஞ்ச நேரம் காற்று வரவில்லை. காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தபோது, கண்ணைத் திறக்காமலே, "சுக்கா இல்ல, குழம்புதான்" என்றான்.

வடிவு அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டு, தனியே போய் நின்றாள். தான் நிமிர்வதற்காக இன்னொருவர் வயிறு காய வேண்டும் என்றால் அந்த நிமிர்வு தனக்கு எதற்கு என்று தோன்றியது. வீட்டில் எடுப்பதற்கு மிச்சம் இருந்தது கிரைண்டரின் கல் ஒன்றுதான். அதையும் கொண்டுபோய் வைத்துவிடுவோம், இந்த வெள்ளிக்கிழமை தப்பிவிடுவோம், அதோடு மாத்திரையை நிறுத்திவிடுவோம் என்று முடிவு செய்தாள். டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. வரட்டும் என்று விட்டாள்.

மத்தியானம் கல்லைச் சேலையில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு ஆரக்காலில் ஏறினாள். கீழ்ப்படிகளில் கல் அவளைக் கிணற்றுக்குள் இழுப்பது போல இருந்தது. ஏற ஏற அது பூசணிக்காய் ஆனது, தேங்காய் ஆனது, எலுமிச்சை ஆனது. மேலே போனதும் கல் என்கிற நினைப்பு மட்டும் முதுகில் இருந்தது. அவளுடைய நாலு கிலோவும் அப்படித்தான் எங்கேயோ போய்விட்டது. இங்கேயே குடித்தனம் வந்துவிடலாமா என்று நினைத்தாள்.

கல் குழாய்க்குப் பின்னால் நுழையவில்லை. பக்கத்தில் பழைய பம்பு அறை இருந்தது. யாரும் போகாத அறை. கதவைத் தள்ளினாள்.

உள்ளே கொம்பையா சார், இரண்டு கைகளிலும் இரும்புக் குண்டுகளை அணைத்தபடி, தலைகீழாக மிதந்துகொண்டிருந்தார்.

வடிவின் முதுகிலிருந்து கல் தானாக அவிழ்ந்து, மெதுவாக, மரியாதையாக அவர்களுக்கு நடுவே வந்து நின்றது.

"என்ன பிள்ள, மாவாட்ட வந்தியா?" என்றார் கொம்பையா சார்.

"நீங்க இங்ஙன தண்டால் எடுக்க வந்தியளா சார்?"

அவர் நேராகத் திரும்ப முயன்று இன்னும் கோணலானார். விறைப்பாக நின்றே பழகிய உடம்புக்குத் தரையில்லாத இடத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. வடிவு அவர் காலைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். அருகில் பார்த்தபோதுதான் தெரிந்தது, சாருக்குக் கன்னம் மினுமினு என்றிருந்தது. தொப்பைகூட லேசாக எட்டிப் பார்த்தது.

"சார், நீங்களும் ஜெபமணி டாக்டர்கிட்டயா?"

கொம்பையா சார் இரும்புக் குண்டுகளை விட்டார். அவை மிதந்து போயின. "காரணம் மட்டும் கேக்காத. காரணம் இருந்திருந்தா அதை அடிச்சுத் திருத்தியிருப்பேன். ஒண்ணுமே இல்ல பிள்ள. ஒருநாள் காலைல விசிலை எடுத்து வாயில வச்சேன். ஊத முடியல. விசில் ஊதக்கூட மூச்சு வரல. அப்படியே உக்காந்துட்டேன். மூணு மாசம் உக்காந்திருந்தேன். தண்டால் எடுக்குதேன்னு உனக்குப் போன்ல சொன்னதெல்லாம் பொய்யி."

"இப்ப?"

"இப்ப ஊதுதேன்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆனா, வடைய நெனச்சா காதுல மணி அடிக்குது."

வடிவு சிரிக்கப் போனாள். அதற்குள் பின்மண்டையில் எதுவோ வந்து மோதியது. பித்தளை அண்டா. அதற்குப் பின்னால் குத்துவிளக்கு, செப்புத் தவலை, கல்லுரல், ஒரு முழுத் தையல் மெஷின். அறையின் இருட்டு பழகியபோது, பாதி ஊரின் கனமான சாமான்கள் அங்கே மிதப்பது தெரிந்தது. எல்லாம் மத்தியானத் தூக்கத்தில் ஊர்ந்து வந்தவை.

ஒளித்து வைத்தவர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். எல்லாம் சீர் சாமான்கள். சீர் சாமான்களில் பெயர் வெட்டாமல் தருகிற வழக்கம் வானத்திலும் இல்லை. ஒவ்வொன்றிலும் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், யார் அன்பளிப்பு என்பது வரை தெளிவாக வெட்டியிருந்தது.

"இந்தக் குத்துவிளக்கு பதினொண்ணாம் வீட்டு மதினியோடது! எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பாவளே, சார்."

"அந்த அண்டாவத் திருப்பி வாசி."

வடிவு வாசித்தாள். 'சங்கரபாகம் – ஆவுடையம்மாள் திருமணம். தாய்மாமன் சீர்.'

"வாரா வாரம் மைக்கில காரணம் கேக்கவன்" என்றார் கொம்பையா சார். "இங்ஙன தாய்மாமன் சீர ஒளிச்சு வச்சிருக்கான். மாத்திரை அவனுக்கா, ஆவுடையம்மாளுக்கான்னு நமக்கு வேண்டாம்."

இரண்டு பேரும் அண்டாவைச் சுற்றிவரவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வடிவு மெதுவாகக் கேட்டாள். "நீங்க எத்தனை கிலோ சார்?"

"நாலு. நீ?"

"நாலு."

கிரைண்டர் கல் அவர்களுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றியது.

"அப்ப எதுக்குப் பிள்ள," என்றார் கொம்பையா சார், "நாம ரெண்டு பேரும் கல்லையும் இரும்பையும் சுமந்துக்கிட்டு அலையுதோம்? நீயும் நானும் எதிர்வீடு. நீ நாலு, நான் நாலு. தானாவே சரியாத்தான இருந்திருக்கு!"

"என் புருஷன் பட்டினி கெடந்தாரு சார். குழாய்க்குள்ள விழுந்தாரு."

"அவனா அது? எனக்கு இங்ஙன மூச்சு முட்டுச்சு." அவர் குண்டுகளைத் தேடிப் பிடித்தார். பிடித்துக்கொண்டு, முதல் தடவையாகக் குரல் தாழ்ந்து, "ஆனா வெள்ளிக்கிழம மைக்கில காரணம் கேப்பான். நாப்பது வருஷம் ஊருக்கு அட்டென்ஷன் சொன்னவன் நான். என்னால சொல்ல முடியாது" என்றார்.

வடிவு பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்காமல் பெஞ்சுக்கு அடியில் பார்த்தவள். "நான் சொல்லுதேன் சார்" என்றாள். அது தைரியமா, மாத்திரையா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

இருவரும் தாங்கள் ஒளித்த சாமான்களை ஒரே நேரத்தில் அவரவர் வீட்டுக்கு இறக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வந்தது. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. சங்கரபாகம் மைக் முன்னால் மட்டும் பேசுகிற தமிழில் வாசித்தார்.

"மூன்றாம் வீடு. நான்கு கிலோ கூடுதல். காரணம் தெரிவிக்கவும்."

வடிவு சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினாள். இசக்கிமுத்து, அவளுக்குப் பதிலாகத் தான் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"மாத்திரை, அண்ணாச்சி."

"எதற்கான மாத்திரை?"

"மனசுக்கு. ஒண்ணும் பெரிய சந்தோஷம்லாம் வராது. காலைல எந்திரிக்க முடியுது. பல்லு விளக்க முடியுது. பசிக்குது. அதான் நாலு கிலோ. எழுதிக்கிடுங்க."

ஒலிபெருக்கியில் பேனா எழுதுகிற சத்தம் கேட்டது.

"ஒன்பதாம் வீடு," என்று நேராக எதிர்வீட்டுக்குத் தாவினார் சங்கரபாகம். "நான்கு கிலோ கூடுதல். காரணம்?"

மறுபக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. பிறகு மைதானம் அதிர்கிற குரல் வந்தது. "மூன்றாம் வீட்டுக் காரணமே!"

அதற்குப் பின்னால் ஒரு விசில்.

சங்கரபாகம் அடுத்த வீட்டை வாசிக்கவில்லை. மைக்கை அணைக்க மறந்து நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்த சத்தமும், "ஏ ஆவுட, செருப்பு எங்க?" என்று கேட்ட சத்தமும் ஊர் முழுக்கக் கேட்டன. ஆரக்கால்களில் தடதடவென்று கால்கள் ஏறின. முதலில் ஒரு வீட்டிலிருந்து, பிறகு மூன்று வீட்டிலிருந்து, பிறகு எங்கிருந்து என்று சொல்ல முடியாதபடி.

ஏறியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில், தாங்கள் ஒளித்து வைத்த சாமானோடு இறங்கினார்கள். எதிர்வீட்டைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை. முதல் தவலை தரையைத் தொட்டதும் சக்கரம் ஒரு பக்கம் அமுங்கியது. தையல் மெஷின் இறங்கியதும் மறுபக்கம் குலுங்கியது. பொருநை, கல்யாணப் பந்தியில் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தவர் மாதிரி நடக்க ஆரம்பித்தது. அபாய மணி விடாமல் அடித்தது. அந்த மணிச் சத்தத்துக்கு மேல் சங்கரபாகம் மைக்குக்கே திரும்பி ஓடிவந்து, மூச்சு வாங்க, மைக்குத் தமிழையெல்லாம் மறந்து அலறினார்.

"எய்யா, ஜோடி ஜோடியா இறக்குங்கய்யா! எதிர்வீட்டுக்குச் சொல்லாம ஒருத்தரும் அண்டாவ இறக்கக் கூடாது! ஏ, உரல் யாருது? உரல நிப்பாட்டு! ஆவுட, நம்ம அண்டாவ விட்டுராத, பிடி பிடி..."

ணங் என்று ஊர் முழுக்க ஒரு பித்தளைச் சத்தம் கேட்டது.

இசக்கிமுத்து சாய்கிற சாம்பார்ச் சட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் நாலாவது இட்லியை எடுத்தான். அது தட்டிலிருந்து நழுவி அவன் கைக்கே வந்தது. எதிர்வீட்டுப் போன் மணியடித்தது. எடுத்தால் அதில் பேச்சே இல்லை, கொம்பையா சார் சிரிக்கிற சத்தம் மட்டும். வடிவு ரிசீவரை இடுப்பில் வைத்துக்கொண்டு, அட்டையிலிருந்து அன்றைய மாத்திரையை எடுத்தாள். டம்ளரில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவளும் தலையை அந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு விழுங்கினாள்.